உவர் மணலில் மொந்தன்

ராமநாதபுரம் மாவட்டத்து உச்சிப்புளிப் பக்கம் எங்கள் வீட்டுக் கொல்லை முழுக்க மணல். கோடையில் கிணற்றுத் தண்ணீர் கரிக்கும். பூவன் வாழை வைத்தால் இலை ஓரம் கருகிவிடுகிறது. மொந்தன் வாழைதான் தாக்குப்பிடிக்கிறது.

குழியில் கண்மாய் வண்டலும் மக்கிய ஆட்டுப்புழுக்கையும் போடாமல் நடாதீர்கள், மணலில் தண்ணீர் நிற்காது. தூரைச் சுற்றிப் பனையோலை, வாழைச்சருகு எல்லாம் பரப்புகிறேன். ஈரம் ஆவியாவது குறைந்தால் மேலே படியும் உப்பும் குறையும். ஐப்பசி மழை நன்றாக இறங்கினால் அந்த உப்பு கரைந்து கீழே போய்விடும். அப்புறம் வரும் குருத்தின் பச்சையே தனி.

பக்கக்கன்றுகளில் இலை குறுகி ஈட்டியாய் நிற்கும் ஒன்றை மட்டும் விட்டு மற்றதை அறுத்துவிடுவேன். அகல இலைக் கன்று பார்க்கத்தான் அழகு, கிழங்கில் வலு இருக்காது. பக்கத்து வீட்டு மதினி அதைத்தான் கேட்டு வாங்கிப் போவார். சொன்னால் கேட்டால்தானே!

காற்றுதான் பெரிய தலைவலி. ஆடியில் தென்மேற்கிலிருந்து அடிக்கும், கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து. குலை தள்ளியதும் இரண்டு சவுக்குக் கம்புகளைக் குறுக்காகக் கட்டி, மரம் சாயும் பக்கம் முட்டுக் கொடுக்க வேண்டும். தண்டில் கம்பு உரசாமல் இருக்க நடுவே பழைய சாக்குத் துண்டு. சீப்பெல்லாம் வந்துவிட்டால் பூவை ஒடித்துவிடலாம். அன்றைக்கு எங்கள் வீட்டில் இறால் போட்ட வாழைப்பூப் பொரியல்.