வெள்ள மழையை கிளஸ்டரில் ஓட்டிய அனுபவம்: சாப்பு முதல் ஸ்கிராட்ச் வரை

மழையைக் கணினியில் உருவகப்படுத்திப் பார்க்க எனக்குக் கிளஸ்டர், அதாவது ஒன்றாக இணைத்த பல கணினிகள், தேவைப்பட்டது. பல்கலைக்கழகக் கிளஸ்டரில் கணக்கு கேட்டு விண்ணப்பிக்கப் போகிறவர்கள் முதலில் ஒன்றைப் பாருங்கள்: மேற்பார்வையாளரின் கையெழுத்துக்குப் பக்கத்தில் சாப்பு, அதாவது ரப்பர் முத்திரை, இருக்கிறதா? படிவத்தில் அதற்கென்று கட்டமே கிடையாது. ஆனாலும் கவுண்டரில் இருந்தவர் தாளை இரண்டு பக்கமும் புரட்டிவிட்டு "சொப் தாக் அடா" (சாப்பு இல்லை) என்று தள்ளிவிட்டார். கையெழுத்துப் போட்ட டாக்டர் அன்றைக்கு வெளியூரில். சிலாங்கூர் பெஸ்தாரி ஜெயாவிலிருந்து, அதாவது எங்கள் பழைய பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து, விடியற்காலையில் கிளம்பி ஈஜோக் வழியாகப் போன எனக்கு டோலும் பெட்ரோலும்தான் மிச்சம். மின்னஞ்சலில் அனுப்பலாமா என்று கேட்டேன். அசல் தாள்தான் வேண்டுமாம். ஆயிரக்கணக்கான கோர் (செயலியின் கணக்கிடும் பகுதி) வைத்திருக்கும் இடத்தில் ஒரு ரப்பர் முத்திரைக்கு இத்தனை மரியாதை!

கணக்கு கிடைத்த பிறகு மற்றதெல்லாம் எளிது என்று சொன்னார்கள். விபிஎன், கடவுச்சொல் எல்லாம் அரை நாளில் முடிந்தது. அதுவரை சரிதான்.

நான் ஓட்ட வேண்டியிருந்தது 2021 டிசம்பர் மழை. தென்சீனக் கடலிலிருந்து வந்த தாழ்வழுத்தம் மலேசியத் தீபகற்பத்தைக் கடந்தபோது ஷா ஆலம் ஸ்ரீ மூடா பக்கம் வீடுகள் மூழ்கின, நினைவிருக்கும். வடகிழக்குப் பருவமழையில் பொதுவாக கிளந்தான், திரெங்கானு, பகாங்தான் அடி வாங்கும். மேற்கே இருக்கும் நம் பக்கத்தைத் தித்திவங்சா மலைத்தொடர் ஓரளவு காப்பாற்றிவிடும். அப்படியிருக்க அந்த முறை மேற்கே ஏன் இப்படிக் கொட்டியது என்பதுதான் என் ஆய்வு. நான் ஓட்டியது டபிள்யூஆர்எஃப் (WRF) என்ற வானிலை மாடல், அது பரப்பைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்கிடும். 27 கிலோமீட்டர் கட்டத்தில் ஓட்டினால் அதன் கண்ணுக்குத் தித்திவங்சா வெறும் மேடு. மலை மலையாகத் தெரிய 3 கிலோமீட்டராவது வேண்டும். ஆனால் கட்டத்தின் அளவை மூன்றில் ஒன்றாகக் குறைத்தால் அதே பரப்புக்குக் கட்டங்கள் ஒன்பது மடங்கு, கணக்கிடும் ஒவ்வொரு நேரத் தாவலும் மூன்றில் ஒன்று, ஆக வேலை 27 மடங்கு. மடிக்கணினியில் நடக்கிற காரியமில்லை.

முதல் அடி விழுந்தது இங்கேதான். எங்கள் கிளஸ்டரில் நான் போட்ட வேலை வரிசைக்கு நோடை, அதாவது ஒரு கணினியை, முழுசாகத்தான் கேட்க வேண்டும், அதுவும் குறைந்தது இரண்டு. இரண்டு நோடு, 128 கோர். டபிள்யூஆர்எஃப் பரப்பை எட்டுக்குப் பதினாறு துண்டாக வெட்டி, கோருக்கு ஒன்றாகக் கொடுக்கும். வெளி டொமைன், அதாவது 3 கிலோமீட்டர் பரப்பைச் சுற்றியிருக்கும் பெரிய கட்டப் பரப்பு, நூற்றுக்கு நூறு புள்ளி. நூறைப் பதினாறால் வகுத்தால் துண்டுக்கு ஆறு புள்ளிதான் வரும். ஒரு துண்டின் எந்தப் பக்கமும் பத்துப் புள்ளிக்குக் குறையக் கூடாது என்று நிரல் அப்படியே நின்றுவிட்டது. உள்ளே இருக்கும் 3 கிலோமீட்டர் டொமைனில் எத்தனை புள்ளி இருந்தாலும் பயனில்லை, புள்ளி குறைந்த டொமைன்தான் கழுத்தைப் பிடிக்கும். உதவி கேட்டு எழுதினால் "கோரைக் குறையுங்கள்" என்று ஒரு வரிப் பதில். குறைக்க விடாததே அவர்கள் விதிதானே! கடைசியில் வெளி டொமைனை தென்சீனக் கடல் பக்கம் நன்றாக நீட்டினேன். கணக்கும் சரியானது, தாழ்வழுத்தம் பிறந்த இடமும் உள்ளே வந்தது.

அப்புறம் வரிசை. வேலை நாள்கணக்கில் 'பிடி' (PD, காத்திருக்கிறது) என்றே காட்டியது. நோடுகள் சும்மா கிடக்கின்றன, என் வேலை மட்டும் நகரவில்லை. காரணப் பத்தியில் பராமரிப்புக்கு ஒதுக்கியது என்று இருந்தது. விஷயம் என்னவென்றால், நீங்கள் கேட்ட நேரம் பராமரிப்பு தொடங்கும் நேரத்தைத் தாண்டினால், வேலைகளை வரிசைப்படுத்தும் மென்பொருளான ஸ்லர்ம் அதை ஆரம்பிக்கவே செய்யாது. 24 மணி நேரத்தை ஆறாகக் குறைத்து, விட்ட இடத்திலிருந்து தொடர உதவும் ரீஸ்டார்ட் கோப்பை அடிக்கடி எழுதச் சொல்லி மறுபடி போட்டேன். கொஞ்ச நேரத்தில் ஓட ஆரம்பித்துவிட்டது. சாதாரண நாளிலும் இது உதவும். சின்ன வேலைகளைப் பெரிய வேலைகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியில் ஸ்லர்ம் சொருகிவிடும்.

இதையெல்லாம் மன்னித்துவிடலாம். ஸ்கிராட்சை, அதாவது கிளஸ்டரின் தற்காலிகச் சேமிப்பிடத்தை, மன்னிக்க மாட்டேன். நில அமைப்புத் தரவை, பல ஜிபி, முதல் நாள் இறக்கி விரித்து வைத்தேன். மறுநாள் காலையில் அடைவு இருக்கிறது, உள்ளே கோப்பு ஒன்றும் இல்லை. முப்பது நாளுக்கு மேல் பழையதை அழிப்போம் என்பது விதி. நேற்று வந்த கோப்பு எப்படிப் பழையது? டார் கட்டை (பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிய கோப்பு) விரிக்கும்போது கோப்புகள் அவற்றின் பழைய தேதியோடுதான் வெளியே வரும். அழிக்கும் நிரல் அந்தத் தேதியைப் பார்க்கிறது. அதற்கு என் கோப்புகள் பல வருடத்துக் குப்பை. டார் கட்டளையில் ஒரு 'எம்' (-m) சேர்த்தால் இன்றைய தேதி விழும். இந்த ஒரு எழுத்தை அவர்கள் வழிகாட்டியில் எங்காவது எழுதியிருக்கலாம். உதவி மேசையில் கேட்டதற்கு "எல்லாருக்கும் நடப்பதுதான்" என்றார்கள்.

எஸ்டேட் பக்கம் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மத்தியானம் இடி இடித்தால் இங்கே முதலில் போவது கரண்ட். ஸ்லர்மில் போட்ட வேலைக்கு ஆபத்தில்லை, அது அங்கே ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் டெர்மினலில் நேரடியாக ஓடும் தரவிறக்கம் இணைப்போடு சேர்ந்து செத்துவிடும். இணைப்பு அறுந்தாலும் கிளஸ்டரில் வேலையை ஓட விடும் டிமக்ஸ் நிரலைப் போட்டுக்கொண்டு ஆரம்பியுங்கள்.

ஓடி முடிந்தபின் ஒப்பிட மழையளவு வேண்டுமே. அப்பா வேலை செய்த தோட்டத்து ஆபீசில் மழைமானி உண்டு. கிராணி ஐயா பழைய பதிவேட்டைத் தூசி தட்டி எடுத்து, "மழைக் கணக்கா? இத யாரும்மா இதுவரைக்கும் கேட்டா?" என்றார். சாப்பு கேட்கவில்லை, கடிதம் கேட்கவில்லை. படம் எடுத்துக்கொள்ளச் சொல்லி தேத்தண்ணியும் வாங்கிக் கொடுத்தார். அவர்கள் அளவெடுப்பது காலை எட்டு மணிக்கு. மலேசிய எட்டு மணி என்றால் யுடிசி (உலகப் பொது நேரம்) பூஜ்ஜியம், மாடலின் நாள் தொடங்கும் அதே நேரம். நேரத்தை மாற்றிக் கூட்டும் வேலையே மிச்சமானது. ஒன்று மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: காலையில் அளந்ததை அன்றைய தேதியில் எழுதுகிறார்களா, முந்தின நாள் தேதியிலா? எங்கள் தோட்டத்தில் முந்தின நாள்.

ஒப்பிட்டதில் கனமழை மாடலிலும் வந்திருக்கிறது. மலை இருந்த இடத்தில் மலை இருந்ததால் என்றுதான் நினைக்கிறேன், 27 கிலோமீட்டர் ஓட்டத்தில் இந்தப் பக்கம் தூறல்தான். ஆனால் எங்கள் பக்கத்துக்கு மழை சில மணி நேரம் தாமதமாக வந்து சேர்கிறது. மாடல் பன்னிரண்டு மணி நேரம் முந்தியே தொடங்கும்படி மாற்றி மறுபடி போட்டிருக்கிறேன். இதை எழுதும்போது அது 'பிடி'யில் நிற்கிறது, இந்த முறை பராமரிப்பு இல்லை, வெறும் கூட்டம்தான்.