ஈழத்திலிருந்து வந்த குடும்பங்களுக்குச் சென்னைக் கடற்கரையில் ஒரு நாள்

வளசரவாக்கம், போரூர்ப் பக்கம் வந்து குடியேறிய எங்கட குடும்பங்களில், பள்ளிக்கூடத்து முதல் விடுமுறை தொடங்கியதும் பிள்ளைகள் கேட்பது ஒன்றுதான்: "எப்ப கடலுக்குப் போறது?" முன்னமே வந்தவர்களின் அல்பங்களைப் புரட்டினால், ஈஞ்சம்பாக்கம் விஜிபி பொழுதுபோக்குப் பூங்கா வாசலில் அசையாமல் நிற்கும் சிலை மனிதனுக்குப் பக்கத்தில் எடுத்த படம் ஒன்று அநேகமாக இருக்கும். அவரைச் சிரிக்க வைக்கப் பார்த்து, முடியாமல் தாங்களே சிரித்துவிட்ட பிள்ளைகள் இன்று தங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள்.

கடலைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். யாழ்ப்பாணத்துக் கசூரினாக் கடற்கரையில் இடுப்பளவு தண்ணீர் வர நெடுந்தூரம் நடக்க வேணும். பிள்ளையை இறக்கிவிட்டுக் கரையில் இருந்து கதைக்கலாம். அந்தப் பழக்கம் இங்கே உதவாது. சென்னையில் கரை சட்டென்று சரிகிறது. வங்கக்கடலின் அலை கரையிலேயே வந்து உடைந்து, திரும்பும்போது காலடி மணலை அரித்துக்கொண்டு போகும். முழங்கால் தண்ணீரில் நிற்கும் பெரிய ஆளே தடுமாறுவார். மெரினாவில் குளிக்கத் தடையே இருக்கிறது.

இரண்டு பக்கமும் அலை உடைய, நடுவில் ஒரு பட்டை மட்டும் அலையில்லாமல் கலங்கலாகத் தெரியும். பார்ப்பவருக்குப் பிள்ளைகளை இறக்கத் தோதான இடம்போல இருக்கும். கரைக்கு வந்த தண்ணீர் கடலுக்குள் திரும்பி ஓடும் வாய்க்கால் அது. அதில் அகப்பட்டவர் நேரே கரையைப் பார்த்து நீந்தினால் களைத்துப்போவார். கரையோரமாகவே பக்கவாட்டில் நீந்தி, இழுவையை விட்டு விலகிய பிறகுதான் கரைக்குத் திரும்ப வேண்டும். நன்றாக நீந்தத் தெரிந்த யாழ்ப்பாணத் தீவுப்பகுதி ஆட்களுக்குத்தான் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஈஞ்சம்பாக்கத்திலும் முட்டுக்காட்டிலும் உள்ள பொழுதுபோக்குப் பூங்காக்களுக்குப் போவதென்றால் கவனம் உடுப்பில் இருக்கட்டும். நீர்ச்சறுக்குகளில் பொதுவாகப் பருத்தி உடுப்போடு விடமாட்டார்கள். பருத்தியின் நூல்பிசிறு தண்ணீரை வடிகட்டும் இயந்திரத்தில் போய் அடைக்கும். துப்பட்டாவும் சேலைத் தலைப்பும் சறுக்கின் மூட்டுகளில் சிக்கும். வாடகை நைலான் உடுப்பை நம்பினால் அளவு கிடைக்காது, வரிசையும் நீளும். ஒரு வாரம் முந்தியே தி.நகரில் வாங்கி, வீட்டில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். எங்கட பெண்களின் கனத்த தாலிக்கொடிக்குத் தனிக் கவனம் வேண்டும். சறுக்கில் வேகமாக இறங்கும்போது அது கழுத்துக்கு மேலே எழும்பி எதிலும் மாட்டும். கழற்ற மனமில்லாதவர்கள் சறுக்கில் ஏறாமல் இருப்பதே நல்லது. கடலில் கால் நனைக்க மட்டும் போகிறவர்கள் அதைச் சட்டைக்குள் விட்டு, இரண்டு இடத்தில் ஊசி குத்திக்கொள்ளலாம்.

சித்திரை, வைகாசியில் கடற்காற்று கரையேற மதியம் ஆகிவிடும். அதுவரை காற்று அசையாது. இரும்பு இருக்கைகள் தொடையைச் சுடும். பூங்கா திறந்த உடனே போய் ராட்டினங்களை முடித்துவிட்டு, உச்சி வெயிலில் நிழலில் இருந்து சாப்பிட்டு, அது செமித்த பிறகு தண்ணீருக்குப் போங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம். இடி மின்னல் வந்தால் ராட்டினங்களை நிறுத்திவிடுவார்கள்.

செலவைக் குறைக்க, பெண்கள் சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்தில் ஏறலாம். 2021 மே முதல் அவர்களுக்குக் கட்டணம் இல்லை. நடக்கச் சிரமப்படும் அம்மம்மா, அப்பப்பா கூட வந்தால் மெரினாவின் அகன்ற மணல்தான் பெரிய தடை. விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே 2022 இறுதியில் மரப்பாதை ஒன்று போட்டார்கள். சக்கர நாற்காலி அதில் தண்ணீர்ப் பக்கம் வரை போகும்.

கடைக்காரரிடம் கச்சான் என்றால் விழிப்பார். வேர்க்கடலை என்று கேளுங்கள். ஐஸ்பழத்துக்குக் குச்சி ஐஸ், துவாய்க்குத் துண்டு. ஊரில் இனிப்புப் பானத்தைக் கேட்பதுபோல் சோடா என்றால் இனிப்பில்லாத வெறும் சோடாவைத் திறந்து நீட்டுவார், பிள்ளை ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளிக்கும். தேங்காய் மாங்காய் பட்டாணிச் சுண்டலுக்கு மட்டும் மொழிபெயர்ப்பே தேவையில்லை.

நாள் குறிக்கும்போது காணும் பொங்கலைத் தவிருங்கள். ஊரில் தைப்பொங்கலும் பட்டிப்பொங்கலுமாக முடிந்துவிடும். இங்கே அதற்கு அடுத்த நாள் ஊரே கடற்கரைக்கு வரும். தண்ணீரில் இறங்க முடியாதபடி தடுப்புக் கட்டுவார்கள். பிள்ளைகளின் கையில் தொலைபேசி எண் எழுதிய பட்டையைப் பொலிஸார் கட்டிவிடுவார்கள். மற்ற நாட்களில் அந்த வேலை எங்களுடையது. இங்கு வாங்கிய சிம்மின் பத்து எண்களையும் பேனாவால் பிள்ளையின் முன்கையில் எழுதுங்கள். வந்து சில மாதமே ஆன பிள்ளையிடம் எண்ணைக் கேட்டால், ஊரில் இருக்கும் அம்மம்மாவின் இலக்கத்தைத்தான் சொல்லும்.