தைக்குப் பிறகு அரிவாள்

தார் முடிகிற விளிம்புக்கும் வடிகால் வாய்க்காலுக்கும் நடுவே இருக்கும் மண் பட்டையை எங்கள் வேலையில் பெர்ம் என்போம். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறுகிறவர்கள் அதைக் கவனிப்பதில்லை. அடிவாரம் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகளை எண்ணத் தொடங்குவார்கள். இருபதையும் எண்ணி முடித்தால் ஏரியும் படகும் மிளகாய் பஜ்ஜியும் காத்திருக்கும். சாலைப் பராமரிப்பில் மேற்பார்வை பார்த்த காலம் முழுக்க நான் அந்த மண் பட்டையைப் பார்த்தபடியே ஏறி இறங்கினேன். தாரில் பள்ளம் விழுந்தால் செய்தித்தாளில் படம் வரும். பெர்மில் என்ன நடந்தாலும் கேட்க ஆளில்லை.

புதர் அகற்றும் வேலைக்கு அளவு சதுர மீட்டரில். வெட்டிய பரப்பை அளந்து அளவுப் புத்தகத்தில் ஏற்றினால் பில். இந்தக் கணக்கில், எவ்வளவு மொட்டையாக்குகிறோமோ அவ்வளவு நல்ல வேலை. தீபாவளிக்கு முன் ஒருமுறை, பொங்கலுக்கு முன் ஒருமுறை, மே மாதக் கோடை விழாவுக்கு முன் ஒருமுறை வெட்டுவது நான் சேர்ந்தபோதே இருந்த பழக்கம். பண்டிகைக்கு வீட்டை வெள்ளையடிக்கிற மனநிலைதான் அது. எந்தச் செடி எப்போது பூக்கிறது என்பதற்கும் அந்தத் தேதிகளுக்கும் சம்பந்தமே இல்லை.

சேலத்துக்காரர்களுக்குப் பொங்கலுக்கு முந்தைய நாள் காப்புக் கட்டு. வேப்பிலை, மாவிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ நான்கையும் சேர்த்துக் கட்டி வாசலில் செருகுவோம். இதில் ஆவாரையும் பூளையும் யாரும் தோட்டம் போட்டு வளர்க்கும் செடிகள் அல்ல. வரப்பிலும் சாலையோரத்திலும் தானாக வருபவை. மார்கழியில் பெர்மைச் சுரண்டி இரண்டையும் அள்ளிக் கொட்டிய எங்கள் கேங் ஆட்களே, போகியன்று மாலை கடைவீதியில் அதே பூவைக் கட்டு விலை பேசி வாங்கிக்கொண்டு போனார்கள். இதை நான் கிண்டலாகச் சொன்னபோது ஒருவரும் சிரிக்கவில்லை. கூலி கொடுத்த வேலையை நாங்கள் செய்தோம், தேதியை வைத்தது நாங்களா என்று கேட்டார்கள். நியாயம்தான்.

தேதிதான் விஷயம் என்பது எனக்கு அப்போது உறைத்தது. வெட்டலாமா வேண்டாமா என்று இயற்கை ஆர்வலர்களும் பொறியாளர்களும் சண்டை போடுவதைப் பார்த்திருக்கிறேன். வெட்டாமல் விட்ட சாலையோரம் சில ஆண்டுகளில் உண்ணிச்செடிக் காடாகிவிடும். அங்கே தும்பைக்கும் இடமில்லை. வெட்டத்தான் வேண்டும். ஆனால் எங்கள் மலையிலும் அடிவாரத்திலும் ஆடி, ஆவணி மழைக்கு முளைப்பவை புரட்டாசியிலிருந்து மார்கழி வரை பூத்து, தையில்தான் விதை உதிர்க்கின்றன. அதற்கு முன் அரிவாள் விழுந்தால் அடுத்த ஆண்டுக்கு விதை இல்லை. வெறும் மண்ணாகக் கிடக்கும் இடத்துக்கு முதலில் வருவது பார்த்தீனியம். முளைத்து ஒரு மாதம் சுமாரில் பூத்துவிடும், ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை போடும், ஆண்டுக்குப் பல தலைமுறை பார்த்துவிடும். சுத்தம் என்று நினைத்து நாங்கள் செய்ததெல்லாம் அதற்குப் பாத்தி கட்டிக் கொடுத்த வேலை.

கேங்கில் மலைக்கிராமத்து அண்ணன் ஒருவர் இருந்தார். செங்காந்தள் கொடி வந்தால் அதைச் சுற்றி மட்டும் அறுத்துவிட்டுக் கொடியை நிற்க வைப்பார். மாநில மலர் என்பதற்காகவா என்று கேட்டேன். அவருக்கு அது கண்வலிக் கிழங்கு. விஷம், ஆடு வாய் வைக்காது, கிழங்கு மண்ணுக்குள் பத்திரமாக இருக்கிறது, காய் வெடித்த பிறகு நீங்கள் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் கொடி தானே காய்ந்துவிடும், பிறகு எதற்கு இப்போதே வெட்ட வேண்டும் என்றார். திருப்பூர், திண்டுக்கல் பக்கம் இதன் விதைக்காகவே பந்தல் போட்டு வளர்க்கிறார்கள். விதையிலிருந்து எடுக்கும் கால்சிசின் கீல்வாத மருந்துக்குப் போகிறது. அண்ணனின் வாதத்தில் மருந்தும் இல்லை, பெருமையும் இல்லை. காத்திருந்தால் வேலை குறையும் என்ற கணக்கு மட்டும்தான். என்னை இழுத்தது அந்தக் கணக்கு.

பிரிட்டனில் பிளான்ட்லைஃப் என்ற அமைப்பு சாலையோரப் பூக்களுக்காகவே நெடுநாளாகப் போராடுகிறது. அந்நாட்டுச் சாலையோரங்களில் மட்டும் 700க்கு மேற்பட்ட காட்டுப்பூ இனங்கள் இருப்பதாக அவர்கள் கணக்கு. விதை விழுந்த பிறகு அறுங்கள், அறுத்ததை அங்கேயே போடாமல் அள்ளிச் செல்லுங்கள் என்பது அவர்கள் சொல்லும் முறை. அள்ளாவிட்டால் அது மக்கி மண்ணுக்கு உரமாகும். உரமேறிய மண்ணில் முரட்டுப் புல் கொழுத்துப் பூச்செடிகளை அமுக்கிவிடும். அவர்கள் அறுப்பது அந்நாட்டுக் கோடையின் கடைசியில், நம் ஆவணி வாக்கில். அந்த மாதங்களை அப்படியே இங்கே கொண்டுவந்தால், மழைக்கு முளைத்ததையெல்லாம் முளையிலேயே கிள்ளிவிடுவோம். அள்ளுவதற்கும் எங்களுக்கு வேறு காரணங்கள் உண்டு. பங்குனி வெயிலில் காய்ந்த சருகில் ஒரு பீடித்துண்டு விழுந்தால் மலையே எரியும். மழைக்காலத்தில் அதே சருகு வாய்க்காலில் சேர்ந்து சிறுபாலத்தை அடைத்தால் தண்ணீர் தார்மேல் ஏறும்.

ஆகவே ஒரு குறிப்பிட்ட பகுதியில் மட்டும் அனுமதி வாங்கி முறையை மாற்றினோம். தார் விளிம்பிலிருந்து ஒரு மீட்டரும் வளைவுகளின் உள்பக்கமும் எப்போதும் குட்டையாகவே இருக்கும். இதில் பூ, பட்டாம்பூச்சி எந்தப் பேச்சுக்கும் இடமில்லை. இறங்கி வரும் பஸ் ஏறுகிறவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். வாய்க்கால் எப்போதும் சுத்தம். வீடுகளும் பஸ் நிறுத்தமும் உள்ள இடங்களில் பாம்புப் பயம் உண்மையானது, அங்கேயும் வெட்டினோம். மற்றதைத் தை பாதிக்கு மேல், மாசி முடிவதற்குள் அறுப்பது. மண்வெட்டியால் சுரண்டாமல் அரிவாளால், தரையிலிருந்து ஒரு சாண் விட்டு. அறுத்ததை ஓரிரு நாள் கிடக்க விட்டு, விதை உதிர்ந்ததும் அள்ளுவது. கோடை விழாவுக்கு வருகிறவர்கள் ஏறும்போது வழி பளிச்சென்றுதான் இருக்கும். மாசியில் அறுத்தது மே மாதத்துக்குள் எவ்வளவு வளர்ந்துவிடும்?

இதற்கு மேலிடம் எப்படிச் சம்மதித்தது என்று கேட்பார்கள். பட்டாம்பூச்சியைச் சொல்லி எந்தப் பொறியாளரையும் மசிய வைக்க முடியாது, நான் முயலவும் இல்லை. ஆண்டுக்கு மூன்று முறை மண்வெட்டி போட்டால் பெர்ம் தாரைவிடத் தாழ்ந்துவிடுகிறது. மழைத் தண்ணீர் அந்த ஓரத்திலேயே ஓடி அரிக்கிறது, தார் விளிம்பு துண்டு துண்டாக உடைகிறது. புல் வேர் இருக்கும் இடத்தில் அந்த அரிப்பு இல்லை. உடைந்த விளிம்பையும் உடையாத விளிம்பையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினேன், போதுமானதாக இருந்தது. பெரிய மண்சரிவைப் புல் தடுக்கும் என்று மட்டும் சொல்லவில்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் இந்த மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது. அந்த மழைக்குத் தும்பை வேர் என்ன செய்யும்?

பட்டாம்பூச்சி எங்களைக் கேட்காமலேயே வந்தது. விட்டுவைத்த பட்டையில் கிலுகிலுப்பை, தேள்கொடுக்கு என்ற செடிகள் ஏறின. கறுப்பில் இளநீலத் தீற்றல் போட்ட நீல வரியன்கள் அவற்றின் காய்ந்த தண்டிலும் இலையிலும் கொத்தாகத் தொங்கும். பூவில்லாத காய்ந்த செடியில் இவற்றுக்கு என்ன வேலை என்று தோன்றும். இச்செடிகளின் சாற்றில் உள்ள ஆல்கலாய்டு என்ற ஒருவகை வேதிப்பொருளை ஆண் வரியன்கள் உறிஞ்சி, பெண்ணைக் கவரும் வாசனையை அதிலிருந்து தயாரிக்கின்றன. வடகிழக்குப் பருவமழையை ஒட்டி இந்த வரியன்கள் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் போன்ற கிழக்கு மலைகளிலிருந்து மேற்கு மலைத்தொடரை நோக்கிக் கூட்டமாகப் பறக்கின்றன. அவற்றின் வழிச்செலவுக்கு நாங்கள் வெட்டி எறிந்த செடியும் சேர்த்தி.

வெளிநாட்டுச் செடி எல்லாவற்றையும் ஒழிக்க வேண்டும் என்பாரோடு எனக்கு உடன்பாடில்லை. வெட்டுக்காயப் பூண்டும் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். தரையோடு படர்ந்து யாருக்கும் தொந்தரவில்லாமல் ஆண்டு முழுக்கத் தேன் தருகிறது. இருக்கட்டும். உண்ணிச்செடியிலும் பட்டாம்பூச்சி மொய்க்கும், ஆனால் அதற்கு நான் இரக்கம் காட்டுவதில்லை. அதை மேலோடு வெட்டினால் ஒன்றுக்கு நாலாகத் துளிர்க்கும். டெல்லி பல்கலைக்கழகத்தின் சி. ஆர். பாபு குழுவினர் சொன்ன முறை எளியது: மண்ணுக்குச் சில சென்டிமீட்டர் கீழே, துளிர்க்கும் கணுவுக்கு அடியில் வேரைத் துண்டித்து, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட வேண்டும். நல்ல முறைதான், ஆனால் குனிந்து செய்ய வேண்டிய வேலை, ஒரு நாளைக்குக் கொஞ்ச தூரமே நகரும்.

எனக்குப் பின் பொறுப்பேற்ற தம்பி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அண்ணா, இதற்கு எப்படி பில் போடுவது என்றார். சரியான கேள்வி. சாலையோரப் புளியமரத்துக்கு எண் எழுதி, காய்க்கு ஏலம் விட்டு வரவு வைக்கிறோம். மரத்தடியில் முளைப்பதற்கு எந்தப் புத்தகத்திலும் பத்தி இல்லை. முழு அகலத்தை ஆண்டுக்கு மூன்று முறை வெட்டியதற்குப் பதில் முழு அகலம் ஒருமுறை, விளிம்புப் பட்டை மட்டும் மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை என்று போட்டுக் காட்டினேன். மொத்தச் சதுர மீட்டர் குறைகிறது. மிஞ்சுகிற ஆள் நாட்களை உண்ணிச்செடி வேருக்குத் திருப்பச் சொன்னேன். அந்த வேலைக்குத் தனித் தலைப்பில் பணம் ஒதுக்கும்வரை அப்படித்தான் ஓட்ட வேண்டும்.