மஞ்சள் வெட்டுக்கு முன்: பழைய டிரெய்லரின் பிரேக்கும் சக்கரமும்

நவம்பர் 10, 2024, ஞாயிறு

டிரெய்லரைக் களத்துக்கு இழுத்துவந்து நிறுத்தியாயிற்று. தை பிறந்து மஞ்சள் வெட்டு தொடங்குவதற்குள் பிரேக்கையும் சக்கரத்தையும் முழுதாகச் சரிசெய்துவிட வேண்டும். எங்கள் தோட்டத்திலிருந்து தார்ச்சாலைக்குப் போக ஒரே வழிதான். கீழ்பவானி வாய்க்கால் கரையில் ஏறி, பாலத்தைத் தாண்டி, அந்தப் பக்கம் இறங்க வேண்டும். இறக்கம் நீளமில்லை, ஆனால் செங்குத்து. இறங்கி முடிகிற இடத்தில்தான் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ்ஸுக்கு நிற்பார்கள்.

மூன்று டன் பாரத்தோடு இறங்கும்போது டிராக்டர் பிரேக்கை மட்டும் மிதித்தால் டிராக்டர் நிற்கப் பார்க்கும், பின்னால் வரும் பெட்டி நிற்காது. முட்டித் தள்ளும். ரோடு ஈரமாக இருந்தாலோ ஸ்டீயரிங் கொஞ்சம் திரும்பியிருந்தாலோ, டிராக்டரின் பின்பக்கத்தை ஒரு ஓரமாகத் தள்ளி மடக்கிவிடும். டிராக்டர் கவிழ்வது பெரும்பாலும் ஏற்றத்தில் என்று நினைக்கிறவர்கள் உண்டு. பாரவண்டியோடு இறங்கும் இறக்கத்துக்கும் அதே அளவு பயப்பட வேண்டும்.

இந்த இரண்டு சக்கர டிரெய்லர் அப்பா 1990களில் பட்டறையில் சொல்லிச் செய்தது. அப்போதே பிரேக் வேண்டும் என்று கேட்டு வாங்கினார். வேலை செய்யும் விதம் எளிமையானது. டிராக்டர் வேகம் குறையும்போது பெட்டி முன்னால் தள்ளுகிறது இல்லையா, அந்தத் தள்ளலில் ஏர்க்காலின் முன்துண்டு உள்ளே போகும். அதோடு சேர்ந்த கம்பி, ஆக்ஸிலில் இருக்கும் லீவரை இழுக்கும். சக்கரத்தோடு சுற்றும் டிரம்முக்குள் பிரேக் ஷூ விரிந்து பிடிக்கும். எவ்வளவு பாரம் தள்ளுகிறதோ அவ்வளவு பிடி. ரிவர்ஸ் எடுக்கும்போது மட்டும் முன்னால் ஒரு பின்னைச் செருகிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் போகும்போதும் பிரேக் பிடிக்கும். அந்தப் பின் தொலைந்து, இடையில் யாரோ ஒரு டிரைவர் கம்பியையே கழற்றிக் கட்டுக்கம்பியால் சட்டத்தோடு கட்டிவிட்டிருக்கிறார்.

நவம்பர் 16, சனி

சக்கரம் கழற்றும் வேலை. இரண்டு சக்கர வண்டி என்பதால் முதலில் ஏர்க்காலுக்கு முன்னாலும் பெட்டியின் பின்னாலும் முட்டுக் கொடுத்தோம். ஜாக்கி போடுவதற்கு முன்பே, சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்று இளக்கியாக வேண்டும். தூக்கிய பிறகு ஜாக்கியை நம்பி அடியில் படுக்கவே கூடாது. ஆக்ஸிலுக்கு அடியில் கட்டை அடுக்கி அதன்மேல் இறக்கினோம்.

வலது டிரம் வந்துவிட்டது. இடது வரவில்லை. பழைய டிரம்மில் ஷூ தேய்த்த இடம் பள்ளமாகி, விளிம்பில் ஒரு வரம்பு நிற்கும். ஷூ அந்த வரம்பில் மாட்டிக்கொள்ளும். லீவரைப் பின்னால் தள்ளி ஷூவை முழுதாகச் சுருக்கி, டிரம்மைச் சுற்றிலும் மரக்கட்டை வைத்துத் தட்டத் தட்ட மெதுவாக நகர்ந்தது. ஒரே இடத்தில் சுத்தியலால் ஓங்கி அடித்தால் வார்ப்பிரும்பு விரிசல் விடும்.

உள்ளே கறுப்புத் தூள். ஏர் அடித்து ஊதலாம் என்று பையன் குழாயை எடுத்துவந்தான், தடுத்துவிட்டேன். ஷூவின்மேல் பதித்திருக்கும் தேய்மானப் பட்டைதான் லைனர், பழைய லைனரில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். மூச்சில் போனால் பல வருடம் கழித்து நுரையீரலில் காட்டும் சாமான் அது. தண்ணீர் தெளித்து, ஈரத்துணியால் துடைத்து, துணியைக் கவரில் போட்டுக் கட்டினோம். பட்டறைகளில் தினமும் இந்தத் தூளை ஊதி, அந்தக் காற்றிலேயே நின்று டீ குடிக்கிறார்கள். பார்க்கும்போதெல்லாம் மனசு பதறுகிறது.

இடது பக்கம் ஆயில் சீல் போய், ஹப்பில் (சக்கரத்தின் நடுக்குடத்தில்) இருந்த கிரீஸ் உருகி லைனரில் ஏறியிருக்கிறது. பெட்ரோல் போட்டுக் கழுவினால் மேலே சுத்தமாகத் தெரியும். சூடேறியதும் உள்ளே ஊறிய கிரீஸ் மறுபடி வெளியே வரும். அப்புறம் ஒரு பக்கம் பிடிக்கும், ஒரு பக்கம் வழுக்கும், வண்டி இழுத்துக்கொண்டு போகும். லைனர் இரண்டு பக்கமும் புதுசுதான்.

நவம்பர் 17, ஞாயிறு

பேரிங்குகளை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுக் கழுவினோம். வலது பக்கம் உருளைகள் பளபளப்பாக இருக்கின்றன. இடது உள்பேரிங்கின் உருளைகளில் நீலம் பாய்ந்திருக்கிறது. கிரீஸ் இல்லாமல் ஓடிக் காய்ந்த அடையாளம். ஹப்புக்குள் இருக்கும் வெளிவளையத்தில் விரல் நகம் வைத்தால் குழி தட்டுப்படுகிறது.

உருளைக் கூட்டை மட்டும் மாற்றிப் பழைய வளையத்தை வைத்துக்கொள்வது வீண் வேலை, இரண்டும் சேர்த்தே மாற்ற வேண்டும். அளவுக்குக் குழம்ப வேண்டாம், பேரிங்கின் ஓரத்தில் எண் பொறித்திருக்கும். உதாரணமாக 30210 என்றால் கடைசி இரண்டு எண்ணை 5-ஆல் பெருக்கினால் உள்விட்டம், அதாவது 50 மில்லிமீட்டர். எண்ணை எழுதிக்கொண்டு போனால் கடைக்காரர் நேராக எடுத்துக் கொடுப்பார்.

நவம்பர் 24, ஞாயிறு

நேற்று டிரம் இரண்டும் லேத்துக்குப் போய் வந்தன. உள்ளே கடைந்து வரம்பை எடுத்தாயிற்று. இரண்டுக்கும் ஒரே விட்டம் இருக்க வேண்டும் என்று நான் சொல்லுமுன்பே லேத் அண்ணன் சொன்னார்: “ஒண்ணு கொஞ்சம் பெருசாப் போச்சுன்னா வண்டி ஒரு பக்கமாத்தான் நிக்கும் தம்பி. அதனால ரெண்டையும் சேர்த்தே கடைஞ்சிரலாம்.” ஷூவை விரிக்கும் கேம் ஷாஃப்ட்டின் புஷ் ஆடிக்கொண்டிருந்தது, அதற்கும் கன்மெட்டலில் (ஒரு வகை வெண்கலம்) புதுப் புஷ் போட்டுக் கொடுத்தார். அதுக்குக் கிரீஸ் விரலில் தொட்டு வைத்த அளவு போதும். அதிகம் வைத்தால் அது போய்ச் சேரும் இடம் லைனர்.

லைனர் அடிக்கும் கடையில் ஒரு மணி நேரம் நின்று பார்த்தேன். ரிவெட்டை நடுவில் ஆரம்பித்து இரண்டு ஓரத்துக்கும் போகிறார். ஓரத்தில் ஆரம்பித்தால் நடுவில் லைனர் தூக்கிக்கொள்ளும். ரிவெட் தலை லைனருக்குள் நன்றாக இறங்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் லைனர் தேயும்போது டிரம்மைக் கீறும். நிதானமான கை. அவசரப்படுத்த வந்தவர்களுக்கும் அதே நிதானம்தான்.

டிசம்பர் 2, திங்கள்

ஃபெஞ்சல் புயலின் மிச்சம். ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை. இங்கேயும் களம் சேறு. கூரைக்கடியில் ரிம்களைச் சுரண்டினேன்.

நட்டு துளைகள் இரண்டு நீள்வட்டமாகியிருக்கின்றன. நட்டு இளகிய நிலையில் ஓடினால் இப்படித்தான் தின்றுவிடும். வெல்டிங் வைத்து அடைக்கலாம் என்றார்கள். சக்கரத்தில் அந்த வேலை வேண்டாம், துளை போன அந்தச் சக்கரத் தகட்டை, டிஸ்க்கை, பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு வேறு வாங்கிவிட்டேன். நட்டு உட்காரும் கூம்பில் பெயிண்ட் அடிக்கவில்லை. பெயிண்ட் நசுங்கினால் நட்டு தானாக இளகும்.

டயர்கள் 9.00-16, ரீபட்டன் போட்டவை, அதாவது பழைய டயரின்மேல் புதுப் பட்டன் ஒட்டியவை. பட்டன் ஆழமாக இருந்ததால் இன்னும் ஓடும் என்று எல்லாரும் சொன்னார்கள். பக்கவாட்டில் நாலு இலக்கம் 1109. அதாவது 2009-ஆம் வருடம் 11-வது வாரம் செய்த டயர். பக்கச் சுவரில் வெடிப்பு வலை விட்டிருக்கிறது. பட்டன் எவ்வளவு புதுசானாலும் அடியில் இருக்கும் ரப்பருக்கு வயது பதினைந்து. இரண்டையும் மாற்றினேன், டியூப், ஃப்ளாப் சேர்த்து. செலவு வலிக்கத்தான் செய்கிறது.

டிசம்பர் 8, ஞாயிறு

சேர்க்கும் நாள். லித்தியம் கிரீஸை உள்ளங்கையில் எடுத்து, பேரிங்கின் அகன்ற ஓரத்தை அதில் அழுத்தி அழுத்தி, உருளைகளுக்கு நடுவே மறுபக்கம் பிதுங்கும்வரை ஏற்ற வேண்டும். பழைய கிரீஸின் மேலேயே புதுசைப் பூசுவது கூடாது, இனம் மாறினால் இரண்டும் சேர்ந்து தண்ணியாகிவிடும். ஹப்பின் உள்ளே பாதிக்கு மேல் நிரப்பவில்லை. நிரப்பினால் சூடேறிச் சீலைத் தள்ளும்.

ஹப்பைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பேரிங் உட்கார்ந்ததும் பின்னால் இளக்கி, கையால் இறுகும் அளவுக்குக் கொண்டுவந்து நட்டு சுழலாமல் பூட்டும் காட்டர் பின் போட்டோம். பின்னுக்குத் துளை நேராக வரவில்லை என்றால் இளக்கும் பக்கம்தான் போக வேண்டும், இறுக்கும் பக்கம் அல்ல. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஒரு துளி அசைவு இருக்கலாம், டொக்கென்று சத்தம் வரக் கூடாது.

டிசம்பர் 15, ஞாயிறு

புதுக் கம்பி, புதுப் பின். பின்னைச் சங்கிலியோடு பற்ற வைத்தாயிற்று, இனித் தொலையாது. பிரேக் பிடிக்கும் நிலையில் கம்பிக்கும் லீவருக்கும் செங்கோணம் வருகிற மாதிரி லீவரை ஒரு பல் தள்ளி மாட்டினோம். அப்போதுதான் இழுக்கிற விசை வீணாகாமல் ஷூவுக்குப் போகும். பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் பட்டை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை. இருட்டில் விளக்கில்லாத பெட்டியின் பின்னால் பைக்கில் வந்து மோதுகிறவர்களைப் பற்றிப் படிக்காத மாதம் இல்லை.

டிசம்பர் 22, ஞாயிறு

நெல் மூட்டை ஏற்றி, வாய்க்கால் மேட்டிலிருந்து வண்டியை இறக்கினோம். டிரைவர் அண்ணனிடம் இரண்டே விஷயம் கேட்டுக்கொண்டேன். டிராக்டரின் இடது, வலது பிரேக் பெடல்களைக் கொக்கி போட்டு ஒன்றாக இணைத்திருக்க வேண்டும். உழவில் திரும்பத்தான் தனித்தனிப் பெடல், ரோட்டில் ஒன்றை மட்டும் மிதித்தால் கவிழும். அடுத்து, டீசல் மிச்சம் என்று இறக்கத்தில் நியூட்ரல் போடக் கூடாது. “சரிங்க தம்பி, ரெண்டாவது கியர்லயே எறக்கறேன்” என்றார்.

நடு இறக்கத்தில் நிறுத்தச் சொன்னேன். ஏர்க்கால் உள்ளே போனது, பெட்டி நேராக நின்றது. டிராக்டரை முட்டவில்லை. அவர் திரும்பிப் பார்த்து, “இத்தன வருசம் இத ஏன் கட்டி வச்சிருந்தாங்க?” என்று கேட்டார்.

தார்ச்சாலையில் கொஞ்ச தூரம் ஓட்டி, டிரம்களில் கை வைத்துப் பார்த்தேன். இடது பக்கம் கூடுதல் சூடு. அட்ஜஸ்டரை ஒரு சொடுக்கு இளக்கினேன். நட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக மறுபடி இறுக்கியதில் மூன்று நட்டுகள் கால் சுற்று ஏறின. அடுத்த நடை முடிந்ததும் திரும்பவும் பார்க்க வேண்டும்.