ஒரு தோள்பையும் மூன்று திரைகளும்: கல்லடியிலிருந்து உகந்தை வரை

கட்டாரிலோ சவூதியிலோ இருப்பவர் லீவில் வரப்போகிறார் என்றால், டிக்கெட் போட்ட அன்றே வட்ஸ்அப்பில் பேச்சு தொடங்கிவிடும்: என்ன கொண்டு வாறது? ஒரு காலத்தில் போர்வை, பால்மா, சவர்க்காரம் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். இந்த முறை என் மச்சான் குரல் பதிவில் கேட்டது வேறு. "மகள் ஏ.எல். படிக்கப் போறாள். லெப்டொப்பா, டெப்பா? இல்லாட்டி நல்ல போன் ஒண்டு போதுமா? நீதானே மூண்டையும் வச்சிருக்கிறாய், சொல்லு."

அந்த நேரம் நான் ஒரு கோயில் கும்பாபிஷேக மலருக்குக் கட்டுரை சேர்க்கும் வேலையாகக் கல்லடியிலிருந்து தெற்கே புறப்பட இருந்தேன். மண்டூர், தம்பிலுவில், பொத்துவில், ஆடி மாதம் என்பதால் கடைசியில் உகந்தை முருகனையும் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வருவது என்று திட்டம். பெரியவர்களிடம் பேச வேண்டும், பழைய கொப்பிகளைப் படமெடுக்க வேண்டும், இரவில் இருந்து தட்டச்சு செய்ய வேண்டும். மூன்றையும் தூக்கிக்கொண்டு போனால் மச்சானுக்குச் சொல்லவும் ஏதாவது கிடைக்கும் என்று 15 அங்குல லெப்டொப், 10 அங்குல டெப், போன், 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் எல்லாவற்றையும் ஒரே தோள்பைக்குள் அடைத்தேன்.

மேசைக் கொம்பியூட்டரை இந்தப் பேச்சில் சேர்க்கவில்லை. 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் போனதே, அப்போதே எங்கள் வீட்டில் அதன் காலம் முடிந்துவிட்டது.

கல்முனை பஸ்ஸில் லெப்டொப்பைத் திறப்பதை நினைத்தும் பார்க்க வேண்டாம். ஆரையம்பதி தாண்டித்தான் எனக்குச் சீட் கிடைத்தது. மடியில் பை, அந்தப் பைக்கு மேலே பக்கத்துச் சீட் அம்மாவின் மரக்கறி உமல். உதயதேவி ரயில் வேறு கதை. கொழும்புக்குப் போகும்போது எட்டு ஒன்பது மணித்தியாலம் கிடைக்கும். லெப்டொப்பை மடியில் வைத்துக் கணக்கு வழக்கு முடிப்பவர்களை அதில் கண்டிருக்கிறேன். பஸ்ஸில் போன் மட்டும்தான் சரி. ஒரு கை கம்பியில் இருக்க, மற்றக் கையின் பெருவிரலால் எல்லா வேலையும் நடக்கும். டெப் இரண்டு கையும் கேட்கும்.

களுவாஞ்சிகுடிப் பக்கம் இறங்கி, குருமண்வெளித் துறையில் பாதைக்குக் காத்து நின்றேன். வெளியூர்க்காரருக்குச் சொல்ல வேண்டும்: ஆட்களையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் தட்டையான மிதவையைத்தான் இங்கே பாதை என்போம். நல்ல கச்சான் காற்று. மட்டக்களப்பில் ஆடி மாதக் கச்சான் என்றால் மேற்கிலிருந்து சூடாக வந்து முகத்தில் அடிக்கும், உதடு காய்ந்துவிடும். பாதை நடுவாவிக்கு வந்தபோது மண்டூர் பற்றி யாரோ எழுதிய பழைய கட்டுரையை ஒருமுறை பார்க்கலாம் என்று டெப்பை எடுத்தேன். தெரிந்தது என் முகமும் மேலே வானமும்தான்.

கடைக்காரர் சொல்லாத சங்கதி இது. திரையின் வெளிச்சத்தை நிட் என்ற அளவில் சொல்வார்கள். நடுத்தர விலை லெப்டொப்கள் பலவற்றில் அது 250, 300 நிட்தான். மலிவான டெப்கள் அதைவிடக் கொஞ்சம் கூட. இப்போதைய நல்ல போன்கள் வெயிலைக் கண்டதும் தாமாகவே 1,000 நிட்டைத் தாண்டிப் போகும். வீட்டு முன்னறையில் மூன்றும் ஒன்றுபோல்தான் தெரியும். பாசிக்குடாவில் மணலில் நின்று பாருங்கள், வித்தியாசம் விளங்கும்.

வெக்கை இன்னொரு பக்கம். ஐபோன், ஐபேட் இரண்டையும் 35 பாகை வரையான சூழலில்தான் பாவிக்கச் சொல்கிறது அப்பிள். எங்கள் வெயில் காலம் அந்த எல்லையில்தான் நிற்கிறது. பையின் வெளிப்பக்கம் வெயில் பட இருந்த என் டெப் (வேறு நிறுவனத்தினுடையது), பவர் பேங்கைச் செருகியும் சார்ஜ் ஏற மறுத்தது. பழுது என்று பயப்படத் தேவையில்லை. லித்தியம் பற்றரியைச் சூட்டோடு சூடாகச் சார்ஜ் செய்தால் அதன் ஆயுள் குறையும் என்பதால் கருவியே தன்னைக் காத்துக்கொள்கிறது. மண்டூர்க் கரையில் மர நிழலில் கொஞ்ச நேரம் வைத்ததும் ஏறத் தொடங்கியது.

மண்டூர்க் கந்தசுவாமி கோயிலைச் சின்னக் கதிர்காமம் என்பார்கள். வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, மந்திரம் சொல்லாமல் செய்யும் பூசை. மூன்று கருவிக்கும் அங்கே வேலையில்லை. எல்லாவற்றையும் அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டுக் கும்பிட்டேன்.

டெப்பின் மேல் எனக்கு இருந்த குறைந்த அபிப்பிராயம் மாறியது தம்பிலுவிலில்தான். மலருக்காகப் பேச வேண்டிய பெரியவர் எண்பதைத் தாண்டியவர். ஒரு கண்ணில் கற்றரக்ற் வெட்டியிருக்கிறது. குரலைப் போனில் பதிந்தேன். அது இருப்பதே தெரியாமல் வெற்றிலைத் தட்டத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. அதனால்தான் அவர் பாட்டுக்குப் பேசினார். பிறகு, ஒரு பழைய திருவிழாப் படத்தை எடுத்துக் காட்டினேன். இன்னொரு வீட்டு அல்பத்தில் இருந்ததை நான் போனில் எடுத்தது. போனைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார், தூரப் பிடித்தார், "ஒண்டும் விளங்குதில்ல மனே" என்று திருப்பித் தந்துவிட்டார். அதே படத்தை டெப்புக்கு அனுப்பி மடியில் வைத்தேன். இரண்டு விரலால் பெரிதாக்கிக் காட்டியதும் தானே செய்யத் தொடங்கிவிட்டார். கொடிமரத்துப் பக்கம் நின்ற ஒரு தலைப்பாக்காரரைப் பெரிதாக்கி, இன்னும் பெரிதாக்கி, மூக்கு மட்டும் திரையில் நிறைந்து நிற்கும் வரை கொண்டுபோய், "இது எங்கட பெரியப்பா. மேளத்துக்குப் பொறுப்பு" என்றார். அப்புறம் ஒவ்வொரு தலையாக வந்தது. அந்தப் படத்தில் பெயர் தெரியாமல் கிடந்த பலருக்கு அன்று பெயர் கிடைத்தது. டெப்பைத் திருப்பித் தரும்போது, "இது என்ன விலை வரும்?" என்று கேட்டார். மருமகள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

டெப் யாருக்கு என்று கேட்டால் இனி இந்தப் பெரியவரைத்தான் சொல்வேன். படிக்க, பார்க்க, காட்ட, வீடியோ கோல் எடுக்க அதைவிட நல்லது இல்லை. படமெடுப்பதை மட்டும் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. ஒரே விலைக்கு வாங்கும் டெப்பின் கெமரா, போனின் கெமராவுக்குக் கிட்டவும் வராது. பெரியவரின் கொப்பிகளைப் போனில்தான் எடுத்தேன், ஜன்னலோரம் பாயில் விரித்து, பிளாஷ் போடாமல். ஒரு பக்கத்துக்கு நாலைந்து எம்.பி. பிடிக்கும், ஒரு கொப்பி முழுதும் எடுத்தாலும் இடம் போதும். இடத்தைத் தின்பது வீடியோதான். 4கேயில் எடுத்தால் ஒரு நிமிடத்துக்கு 170 எம்.பி.யிலிருந்து 350 எம்.பி. வரை போகும்.

அன்றிரவு அறுகம்பேயில் தங்கினேன். அலைச்சறுக்குக்காரர்கள் வரும் காலம், ரோட்டோரக் கடையெல்லாம் வெள்ளைக்காரர், மேசைக்கு மேசை லெப்டொப். பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அவர்கள் இருந்ததெல்லாம் கூரைக்குக் கீழே, பிளக் பொயின்டுக்குப் பக்கத்தில், மின்விசிறிக்கு நேரே. கடற்கரையில் லெப்டொப்போடு படுத்திருக்கும் ஆட்கள் விளம்பரப் படங்களில் மட்டும்தான் உண்டு. உப்புக் காற்று சார்ஜ் ஏற்றும் துளையைப் பச்சை பிடிக்க வைத்துவிடும். தண்ணீர் தாங்கும் என்பதற்கு அடையாளமாக ஐபி68 என்று போனில் எழுதியிருப்பதை நம்பிக் கடலில் இறங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் நடப்பது, உப்புத் தண்ணீருக்கு அது பொறுப்பில்லை.

அறையில் ஒரே ஒரு சதுர முள் பொயின்ட். என்னிடம் இருந்ததும் ஒரே ஒரு 65 வாட் சார்ஜர், ஒரு யு.எஸ்.பி. சி வயர். மூன்றுக்கும் அதுவே. முன்பு மூன்று கருவி என்றால் மூன்று சார்ஜர், மூன்று வித வயர். ஐபோன்கூட 2023இல் 15ஆவது மொடலோடு சி பக்கம் வந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் கடைசியிலிருந்து போனுக்கும் டெப்புக்கும் இதைக் கட்டாயமாக்கியது. லெப்டொப்புக்கு 2026 ஏப்ரல். அவர்கள் போட்ட சட்டம், எங்கள் பையில் பாரம் குறைந்தது.

தட்டச்சு என்று வந்தால் லெப்டொப்தான், பேச்சே இல்லை. போனில் நூறு சொல் அடிக்கலாம், ஆயிரம் சொல் அடித்தால் கழுத்து போய்விடும். குரலில் சொல்லி எழுத வைக்கலாம். கூகிளில் இலங்கைத் தமிழ் என்று தனியாகவே தெரிவு இருக்கிறது. வட்ஸ்அப் செய்திக்கு அது போதும். ஆனால் பெரியவரின் பேச்சைக் காதில் கேட்டு, நிறுத்தி, பின்னால் இழுத்து, பக்கத்திலேயே எழுதுவதற்கு அகலமான திரையும் உண்மையான விசைப்பலகையும் வேண்டும். டெப்போடு புளூடூத் விசைப்பலகை சேர்த்தால் இரண்டும் ஒன்றாகிவிடும் என்று சொல்வார்கள். தமிழ் அடிப்பது எல்லா டெப்பிலும் ஒரேபோல் வேலை செய்யாது. கடையிலேயே இணைத்து, "ஸ்ரீ", "க்ஷ", "கொடுக்கிறோம்" என்று அடித்துப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

மச்சானுக்கு அன்றிரவே குரல் பதிவு போட்டேன். பிள்ளை படிக்கத்தான் என்றால் லெப்டொப். ஒப்படை எழுத, ஸ்லைட் செய்ய, பிறகு கெம்பஸ் போனாலும் அதுவே நிற்கும். டெப் என்றால் மாமிக்கு ஒன்று கொண்டு வா. ஐபேட் வாங்குவதாக இருந்தால், வைஃபை மட்டும் உள்ளதில் ஜி.பி.எஸ். கிடையாது, ரோட்டில் மெப் பார்க்க அதை நம்பாதே. சிம் போடுகிற போனோ டெப்போ என்றால் கடையில் *#06# அடித்து வரும் 15 இலக்கத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்பு. நான் இங்கிருந்து ஐ.எம்.இ.ஐ. என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு, அந்த இலக்கத்தையும் போட்டு 1909க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புகிறேன், தொலைத்தொடர்பு ஆணைக்குழுவின் (டி.ஆர்.சி.) பதிவில் இருக்கிறதா இல்லையா என்று பதில் வரும். பவர் பேங்கைக் கையில் கொண்டு வா, பெரிய பெட்டிக்குள் போட விடமாட்டார்கள். 20,000 எம்.ஏ.எச். என்றால் 74 வாட்-அவர், விமானத்தில் 100 வரைக்கும் பிரச்சினையில்லை.

உகந்தைக்குப் போகும்போது லெப்டொப்பையும் டெப்பையும் லொட்ஜில் பூட்டிவிட்டுப் போனேன். பாணமை தாண்டினால் காடு. கோயிலடியில் கதிர்காமத்துக்கு நடக்கும் அடியார்கள் கூட்டம். இங்கிருந்து கூமுனை, யால என்று காட்டுக்குள்ளால் நாள்கணக்கில் நடப்பவர்கள். சமைக்கச் சட்டி, அரிசி, தண்ணீர்க் கலன் என்று தலையில் பாரம் இருக்க, எந்தக் கருவியைக் கொண்டுபோவது என்ற கேள்விக்கு அவர்களிடம் சுருக்கமான பதில்தான். இளம் பொடியன்கள் ஆளுக்கொரு பவர் பேங்க் வைத்திருந்தார்கள். என்னுடையது 20,000 என்று எழுதியிருந்தாலும், மின்னழுத்தம் மாறும்போது வீணாவது போக, 5,000 எம்.ஏ.எச். போனை இரண்டரைத் தடவைக்குக் கொஞ்சம் கூட நிரப்பும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம் என்று ஒருவனுக்குக் கணக்குச் சொன்னேன். பக்கத்தில் பன்னீர்ச் செம்பைக் கழுவிக்கொண்டிருந்த அம்மா இடுப்பிலிருந்து ஒரு பட்டன் போனை எடுத்துக் காட்டினார். "இது ஒரு கிழமைக்கு நிக்கும் மனே. டோர்ச்சும் இருக்கு." அதோடு எங்கள் கணக்கு முடிந்தது.

திரும்பும் வழியில் கல்முனையில் இறங்கினேன், அச்சகத்துக்கு. அதற்கு முன் பழைய லெப்டொப் விற்கும் கடையில் கொஞ்சம் நின்றேன், இன்னொரு உறவுக்காரருக்காக. கடைக்காரக் காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) நேர்மையான ஆள். "காக்கா, இந்த ஐ5 எப்படி?" என்றால், "தம்பி, இது ஏழாவது ஜெனரேஷன். விலையப் பாத்து எடுக்காதீங்க" என்கிறார். விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது. இன்டெல் புரொசசர்களில் எட்டாவது ஜெனரேஷனும் அதற்குப் பிந்தியதும்தான் விண்டோஸ் 11க்குப் பொருந்தும். மலிவாகக் கிடைப்பதில் நிறைய அதற்கு முந்தியது. பற்றரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று கேட்டேன், சார்ஜரைக் கழற்றிவிட்டு ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள் என்றார். வந்து பார்த்தேன். எடுக்கவில்லை.

அச்சகத்தில்தான் லெப்டொப் சுமந்ததற்குப் பலன். அங்கே பக்கம் வடிவமைப்பதெல்லாம் இன்னும் பாமினி எழுத்துருவில், அதாவது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய முறையில். இப்போது போனிலும் இணையத்திலும் பாவிக்கும் யூனிகோட்டில் நான் அடித்ததை அப்படியே அவர்கள் மென்பொருளில் போட்டால் கட்டம் கட்டமாக வந்தது. அவர்கள் பாமினியில் அடித்துத் தந்த பழைய பக்கங்களைப் போனில் திறந்தால் "அம்மா", "அப்பா" என்ற சொற்கள்கூட ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிந்தன. மாற்றியில் போட்டு எடுக்கலாம். ஆனால் அங்கங்கே எழுத்து உடையும், வடமொழி எழுத்துகள் வரும் இடங்களில் இன்னும் மோசம். கோயில் மலரில் வடமொழி எழுத்து இல்லாத பக்கம் ஏது? வாங்கில் இருந்து, லெப்டொப்பில் இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்து, வரிவரியாகச் சரிபார்த்தேன். பின்னேரத் தொழுகைக்கு அசர் பாங்கு சொல்லும்வரை அதே வேலை. பக்கம் வடிவமைக்கும் தங்கச்சி இரண்டு தரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். மூன்றாம் தரம் வந்து, "சேர், அடுத்த முறை பேப்பர்ல எழுதித் தாங்களன். நான் அடிச்சிட்டுப் போறன்" என்றாள்.