பஞ்சுருளை

பிப்ரவரி 6, செவ்வாய்
இன்று மூன்று பேர். மூவரிடமும் அதே பொய். ஸ்கேனருக்குள் படுத்தபடி மனக்கணக்குப் போட வேண்டும். சரியாகப் போடப் போட நேரம் குறையும். பாதிகூடச் சரியாக வராதபடிதான் நிரலே. 2005இல் இதே மான்ட்ரியலில், மெக்கில் பல்கலைக்கழகத்தில் உருவான மன அழுத்தச் சோதனை. நடுவே மைக்கில் நான் சொல்ல வேண்டியது: "மற்றவர்கள் இதைவிட நன்றாகச் செய்கிறார்கள்." மூன்றாவது பையன் "ஸாரி" என்றான். வெளியே வந்ததும் உண்மையைச் சொன்னேன். சிரித்தான். கை மட்டும் ஈரம்.

பிப்ரவரி 7
அண்ணன் போன் எடுக்கவில்லை.

பிப்ரவரி 8
எடுத்தான். அப்பாவுக்கு ஆஞ்சியோ திங்கட்கிழமையாம். "பயப்பட ஒண்ணுமில்ல" என்று மூன்று முறை சொன்னான். ஒரு முறை சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.

பிப்ரவரி 9
பஞ்சுருளைகள் தீர்ந்துவிட்டன, புதுப் பெட்டி பிரித்தேன். ஒரு நிமிடம் வாயில் அதக்கி, குழாயில் போட்டு, ஃப்ரீசரில். எச்சிலில் கார்ட்டிசால், அதாவது மன அழுத்த ஹார்மோன், ஏற இருபது நிமிடமாவது ஆகும். மூளை அதற்குள் வேறு வேலைக்குப் போயிருக்கும். 2008இல் இங்கே பார்த்தது இன்னும் விநோதம்: கார்ட்டிசால் ஏறியவர்களுக்கு நினைவைக் கவனிக்கும் மூளைப்பகுதியான ஹிப்போகேம்பஸ் பரபரப்பாகவில்லை, அடங்கிப்போனது. எனக்கும் நேற்றிலிருந்து எதுவும் நினைவில் நிற்கவில்லை. சம்பந்தமில்லை, தெரியும்.

பிப்ரவரி 10
படிக்கக் கூடாது என்று வைத்திருந்ததைப் படித்துவிட்டேன். லான்செட் மருத்துவ இதழ், 2017. பாஸ்டனில் 293 பேருக்கு பெட் ஸ்கேன். சும்மா இருக்கும்போதே அமிக்டலா, மூளையில் பயத்தைக் கவனிக்கும் பகுதி, அதிகம் உழைத்தவர்களுக்குப் பின்னால் மாரடைப்பும் பக்கவாதமும் அதிகம். நடுவில் பாலமாக எலும்பு மஜ்ஜையின் அதிக வேலை, ரத்தக்குழாய் அழற்சி. கவனித்த காலம் ஏறத்தாழ 3.7 ஆண்டு. நான் வீட்டைவிட்டு வந்து மூன்று வருஷம் எட்டு மாதம். வகுத்துப் பார்த்தேன். 3.67.

இது காரணத்தை நிரூபிக்காது. ஒரு மாணவி இப்படி எழுதினால் அந்த வரியை நானே அடித்திருப்பேன். அப்பா முப்பது வருஷம் சிகரெட் பிடித்தார் என்பதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

பிப்ரவரி 11, இரவு 10.30
திருச்சியில் திங்கள் காலை ஒன்பது. உள்ளே அழைத்துப் போய்விட்டார்கள். அம்மா போனில், "நீ சாப்பிட்டியா?"

11.15
பையில் ஒரு பஞ்சுருளை இருந்தது. வாயில் வைத்துக்கொண்டேன். எங்கும் அனுப்பப் போவதில்லை.

12.20
யாரும் எடுக்கவில்லை. ட்ரையர் என்ற இன்னொரு மன அழுத்தச் சோதனையில் 1022இலிருந்து பதின்மூன்று பதின்மூன்றாகக் குறைக்கச் சொல்வார்கள், தப்பாகச் சொன்னால் முதலிலிருந்து. 1009. 996. 983. 970. 957.