காற்றுப் படவேண்டிய செல்கள்

மூச்சுக்குழாய்ச் செல்களை வளர்க்கத் தொடங்கிய முதல் மாதத்தில் நான் செய்த பிழை, அவை காய்ந்துவிடுமோ என்று பயந்ததுதான். அதற்கு முன் நான் கையாண்டவை பெரும்பாலும் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து வந்த வீரோ செல்கள். ஊட்டக் கரைசலில் மூழ்கிக் கிடந்தபடியே பெருகும் அவற்றோடு பழகிய கை, மூச்சுக்குழாய்ச் செல்களின் மேலும் தினம் நாலு சொட்டு விட்டுக்கொண்டிருந்தது.

இவற்றுக்கு அது ஆகாது. 0.4 மைக்ரோமீட்டர் துளைகள் கொண்ட மெல்லிய சவ்வே அடியாக அமைந்த சிறு கிண்ணத்தில் செல்களை இட்டு, அவை சவ்வை முழுவதும் மூடியதும் மேற்புறக் கரைசலை எடுத்துவிட வேண்டும். அதன்பின் உணவு கீழிருந்து சவ்வு வழியாக வரும். மேற்புறத்தில் இன்குபேட்டரின் ஈரக்காற்று மட்டும் படும். நான் சொட்டு விட்ட தட்டு மூன்று வாரம் கழித்தும் சளியோ, அதைத் தள்ளிவிடும் குறுமயிர்களோ இல்லாமல் தட்டையாகவே கிடந்தது. அடுத்த தட்டில் கையைக் கட்டிக்கொண்டிருந்தேன். 24ஆம் நாள் நுண்ணோக்கியில் பார்த்தபோது, உதிர்ந்த செல்களும் சளித் துணுக்குகளும் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தன. நொடிக்குப் பத்துத் தடவை போல அடிக்கும் குறுமயிர்கள் தனித்தனியாகக் கண்ணுக்குப் பிடிபடவில்லை. பரப்பு முழுவதும் ஒரு மினுமினுப்பு மட்டும் தெரிந்தது.

அந்தத் தட்டில்தான் கைக்குழந்தைகளுக்கு மூச்சுத்திணறலைத் தரும் ஆர்.எஸ்.வி. வைரஸை இட்டோம். தொற்றிய செல்கள் ஒன்றோடொன்று இணைந்து பெருஞ்செல்லாகிவிடும் என்பதைத்தான் அப்பெயரின் நடு எழுத்தான எஸ் (சின்சீஷியல்) குறிக்கிறது. சாதாரண வளர்ப்புச் செல்களில் அதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன். இங்கே இரண்டு நாள், மூன்று நாள் ஆகியும் அப்படி ஒன்றும் தென்படாததால், வைரஸ் பிடிக்கவில்லை என்று முடிவுகட்டித் தட்டைக் கழிக்க இருந்தேன். மேற்பரப்பைக் கழுவிய நீரைச் சோதித்தபோது அதில் வைரஸ் ஏராளமாக இருந்தது. ஒளிரும் புரதம் ஏற்றிய வைரஸ் என்பதால் எங்கே தொற்றியது என்பதும் தெரிந்தது: குறுமயிர் உள்ள செல்கள் மட்டும் பச்சையாக மின்னின. இதை வட கரோலினா ஆய்வாளர்கள் 2002இலேயே எழுதியிருந்தார்கள், நானும் படித்திருந்தேன். ஆனாலும் பழைய செல்களில் கண்ட சேதத்தையே கண் தேடியது.

பொருந்தாத செல்லை நம்பினால் என்னவாகும் என்பதற்குப் பெரிய உதாரணம் 2020இல் வந்தது. வீரோ செல்களில் மலேரியா மருந்தான குளோரோகுயின் கொரோனா வைரஸைத் தடுத்தது. மனித நுரையீரல் புற்றிலிருந்து எடுத்த கலு-3 செல்களில் தடுக்கவில்லை என்று ஜெர்மானிய ஆய்வாளர்கள் அதே ஆண்டு ஜூலையில் ‘நேச்சர்’ இதழில் காட்டினார்கள். நுரையீரல் செல்லின் பரப்பிலுள்ள டி.எம்.பி.ஆர்.எஸ்.எஸ்.2 என்ற நொதி வைரஸுக்கு நேர்வழி திறந்துவிடுகிறது. அந்த நொதி இல்லாத வீரோ செல்லிலோ, வைரஸ் அமிலத்தன்மையுள்ள உட்பைகள் வழியாகச் சுற்றித்தான் நுழைய வேண்டியிருக்கிறது, குளோரோகுயின் அந்த அமிலத்தைக் குறைக்கிறது. மருந்து அடைத்தது நுரையீரலில் வைரஸ் நம்பியிராத வழியை.

எங்கள் தட்டும் நுரையீரல் ஆகிவிடாது. அதில் ரத்தமில்லை, காற்றறைகள் இல்லை, கிருமியை விழுங்கும் வெள்ளணுக்களும் இல்லை. ஆனால் எனக்கு அதிகச் சச்சரவு தந்தது வேறு விஷயம். செல்கள் மனிதர்கள் தானமளித்த திசுவிலிருந்து வருவதால், ஒருவருடையவற்றில் வைரஸ் பொங்குகிறது, இன்னொருவருடையவற்றில் அடங்கிக் கிடக்கிறது. மூன்று கொடையாளிகளின் எண்களையும் கூட்டிச் சராசரி போட்டுவிடச் சொன்னார்கள். வரைபடம் அழகாக இருக்குமாம். ஒரே தொற்று ஒரு வீட்டிலேயே ஒரு குழந்தையைப் படுக்கையில் தள்ளி, இன்னொன்றை வெறும் சளியோடு விட்டுவிடுவதைப் பார்த்தவளுக்கு, அந்த வித்தியாசத்தை அழிக்கக் கை வரவில்லை. வரைபடத்தில் மூன்று கோடுகளையும் தனித்தனியாகவே போட்டேன்.